கப்பல் கணக்கும் பிரசங்கப் பீடமும்

1788-இல் லண்டனில் ஒரு சிறு புத்தகம் வெளியானது. பொருள், ஆப்பிரிக்க அடிமை வணிகம். எழுதியவர் லம்பார்டு தெருவில் இருக்கும் புனித மேரி வுல்நாத் ஆலயத்தின் போதகர் ஜான் நியூட்டன். அந்த வணிகத்தை எதிர்த்துப் பேச லண்டனில் அப்போது ஆளில்லாமல் இல்லை. முந்தைய ஆண்டுதான் அதை ஒழிப்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கியிருந்தார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோருக்கு அடிமைக் கப்பல் என்பது கேள்விப்பட்ட சங்கதி. நியூட்டனுக்கு அது பார்த்துவிட்டு வந்த வேலை.

அதனால் அந்தப் புத்தகத்தில் பிரசங்க வாடை குறைவு, தொழில்காரர் பேச்சு அதிகம். நூறு டன் கப்பல் என்றால் 220 முதல் 250 பேர் வரை ஏற்ற வேண்டும் என்பது முதலாளிகளின் எதிர்பார்ப்பு. தளத்துக்குக் கீழே ஆண்களுக்கு ஓர் அறை, சிறுவர்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. உயரம் சில கப்பல்களில் ஐந்தடிக்குக் கொஞ்சம் கூட, சிலவற்றில் அதற்கும் குறைவு. அந்த ஐந்தடியையும் நடுவில் தடுத்து இரண்டு அடுக்காக்கி, மேலே ஒரு வரிசை, கீழே ஒரு வரிசை என்று மனிதர்களைப் படுக்க வைப்பார்கள். அலமாரியில் இடைவெளியில்லாமல் அடுக்கிய புத்தகங்களை அதற்கு உவமை சொல்கிறார் நியூட்டன். பின்னாளில் புத்தகங்களுக்கு நடுவில் இருந்தவர் சொல்லும் உவமை அது.

நடுவில் ஒரு கணக்கு வருகிறது. அவர் மேட்டாக, அதாவது கப்பல் தலைவனுக்கு அடுத்த அதிகாரியாக, இருந்த கப்பல் ஒன்று 218 அடிமைகளோடு ஆப்பிரிக்கக் கரையை விட்டுக் கிளம்பியது. பெரிய தொற்றுநோய் எதுவும் இல்லை. அப்படியும் தென் கரோலினா போய்ச் சேர்வதற்குள் 62 பேர் இறந்துவிட்டார்கள். இந்த எண்ணை நியூட்டன் ஞாபகத்திலிருந்து எழுதவில்லை. அந்தப் பயணத்தின் குறிப்பேட்டை முன்னால் வைத்துக்கொண்டே எழுதுவதாகச் சொல்கிறார். கரையை விட்டுக் கிளம்பும் முன்பே இறந்தவர்களுக்குத் தன்னிடம் கணக்கில்லை என்பதையும் விடாமல் சேர்த்துச் சொல்கிறார். ஏறக்குறைய நாற்பது வருடம் பழைய குறிப்பேடு அது. அதை அவர் தூக்கிப் போட்டிருக்கலாம்.

உலகத்துச் சபைகள் நியூட்டனை 'அமேசிங் கிரேஸ்' பாட்டுக்காக நினைவில் வைத்திருக்கின்றன. அவருடைய தாழ்மைக்குப் பாட்டைவிட இந்தக் கணக்கு நல்ல சாட்சி. ஆனால் இந்தக் கணக்கை எடுத்து விரிக்க அவருக்கு ஏன் இத்தனை காலம் பிடித்தது என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

நியூட்டன் 1725-இல் லண்டனில், தேம்ஸ் நதிக்கரையிலுள்ள வாப்பிங்கில் பிறந்தவர். தகப்பனார் வணிகக் கப்பல் தலைவர். பக்தியுள்ள தாய் மகனுக்கு ஏழு வயதாகும் முன்பே காசநோயில் இறந்தார். பதினோரு வயதில் தகப்பனாரோடு கடலுக்குப் போனான் பையன். 1744-இல் கட்டாய ஆள்சேர்ப்பில் பிடிபட்டு ஹார்விச் என்ற போர்க்கப்பலில் சேர்க்கப்பட்டான். அங்கிருந்து ஓடிப்போய், பிடிபட்டு, சவுக்கடி வாங்கி, பதவி இறக்கப்பட்டான். ஹார்விச்சில் இருந்தபோதே கடவுள் நம்பிக்கையைக் கைவிட்டதோடு நிற்காமல், நம்புகிறவர்களைக் கேலி பேசிக் கலைப்பதையும் ஒரு பொழுதுபோக்காக வைத்துக்கொண்டான். மதெய்ராத் தீவில் கப்பல்கள் ஆள் மாற்றிக்கொண்டபோது, கினிக் கரைக்குப் போகும் கப்பலொன்றில் ஏறினான்.

சியரா லியோன் கரையோரத்துப் பிளான்டேன் தீவுகளில் ஒரு வெள்ளைக்கார அடிமை வணிகனிடம் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த கொஞ்ச நாளில் கடும் காய்ச்சல். முதலாளி ஊரில் இல்லை. முதலாளியோடு வாழ்ந்த ஆப்பிரிக்கப் பெண்மணிக்கு இவனைக் கண்டாலே ஆகாது. குடிக்கத் தண்ணீர் கிடைப்பதே கஷ்டம். ஒரு நாள் அவள் சாப்பிட்டு மிச்சம் வைத்த தட்டை, வந்து வாங்கிக்கொள்ளச் சொன்னாள். காய்ச்சலில் தளர்ந்திருந்த கை தட்டை நழுவவிட்டது. மேசை நிறையப் பதார்த்தங்கள் இருந்தும் அவள் சிரித்தாளே ஒழிய, வேறு எதுவும் தரவில்லை. இரவில் தோட்டத்துக்குள் நுழைந்து, கிழங்கைப் பிடுங்கி அங்கேயே பச்சையாகத் தின்றான். பிடிபட்டால் திருடன் என்று தண்டனை.

அந்த நாட்களில் வேறு சிலரும் அவனுக்குச் சாப்பாடு கொடுத்தார்கள். சங்கிலியில் கிடந்த அடிமைகள். யாருக்கும் தெரியாமல், தங்களுக்கு அளந்து கொடுத்த கொஞ்சத்திலிருந்து எடுத்துக் கொடுத்தார்கள். இதை நியூட்டனே 1764-இல் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

அதே தீவில் எலுமிச்சைக் கன்றுகள் நட்டுக்கொண்டிருந்த இவனைப் பார்த்து முதலாளி ஒரு நாள் நக்கலடித்தார்: யார் கண்டது, இந்த மரங்கள் காய்ப்பதற்குள் நீ ஊருக்குப் போய்க் கப்பல் தலைவனாகித் திரும்பி வந்து பழம் பறித்தாலும் பறிப்பாய் என்று. நக்கல் அப்படியே பலித்தது. சில வருடங்களில் நியூட்டன் கப்பல் தலைவராக அங்கே வந்து அதே மரங்களில் முதல் காய்களைப் பறித்தார். கடவுளின் ஆச்சரியமான வழிநடத்துதலுக்கு உதாரணமாக இதை எழுதுகிறார். அவர் கப்பல் கொண்டுவந்தது மனிதர்களை விலைக்கு வாங்கிப் போக. சோறு கொடுத்தவர்களைப் போன்ற மனிதர்களைத்தான். 1764-இல் எழுதும்போது இந்த இரண்டு நினைவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை.

1747-இல் தகப்பனார் சொல்லிவைத்திருந்த ஏற்பாட்டில் கிரேஹவுண்ட் என்ற கப்பல் அவரை மீட்டுக்கொண்டு கிளம்பியது. 1748 மார்ச்சில் வட அட்லாண்டிக்கில் புயல். நள்ளிரவில் அலை அடித்து அறைக்குள் தண்ணீர் புகுந்தது. எழுந்து மேல் தளத்துக்கு ஏறப் போனவரைக் கப்பல் தலைவர் கத்தி எடுத்துவரச் சொல்லித் திருப்பி அனுப்பினார். அவர் கத்திக்காகத் திரும்பிய நேரத்தில் வேறொரு மாலுமி ஏணியில் ஏறினான். ஏறியவனை அந்தக் கணமே கடல் கொண்டுபோனது. ஒரு பக்கத்து மரப்பலகைகள் பெயர்ந்துவிட்டன. துணிமணி, படுக்கை எல்லாவற்றையும் ஓட்டைகளில் திணித்து மேலே பலகை அடித்தார்கள். சரக்கு தேன்மெழுகும் மரமுமாக, தண்ணீரைவிட லேசானதாக இருந்ததால்தான் கப்பல் மிதந்தது. விடியுமுன் தொடங்கி மதியம் வரை பம்பு அடித்த நியூட்டன், பிறகு சுக்கானைப் பிடித்து நின்றபடி, நாள் கணக்கில்லாமல் கேலி செய்த கடவுளை நோக்கி ஜெபிக்க முயன்றார். ஏப்ரலில் கப்பல் அயர்லாந்து வந்து சேர்ந்தது.

மார்ச் 21-ஐ அதன்பிறகு வாழ்நாள் முழுவதும் அவர் விசேஷ நாளாக ஆசரித்தார். ஜெபம், உபவாசம், நாட்குறிப்பில் ஒரு பழைய கணக்குப் பார்ப்பு. நினைவைத் தானாக வரட்டும் என்று விட்டுவிடாமல் நாள் குறித்துச் செய்யும் வேலையாக்கிக்கொண்டார்.

சபைகளில் இந்தக் கதையைச் சொல்லும்போது புயலிலிருந்து நேரே பாட்டுக்குத் தாவிவிடுவது வழக்கம்: அடிமை வியாபாரி, புயல், மனந்திரும்புதல், 'அமேசிங் கிரேஸ்'. கேட்க நன்றாக இருக்கிறது. நடந்தது அப்படியல்ல. புயலுக்கு முன்பு நியூட்டன் கப்பல் தலைவராகவே இல்லை. தலைவரானது மனந்திரும்பிய பிறகு. முதலில் மேட்டாக ஒரு பயணம், 1750-இல் திருமணம், அதன்பின் டியூக் ஆஃப் ஆர்கைல், ஆப்பிரிக்கன் என்ற கப்பல்களில் தலைவராக மூன்று பயணங்கள். லிவர்பூல், ஆப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், மறுபடி லிவர்பூல்.

அந்தப் பயணங்களின் கப்பல் குறிப்பேடு இன்றைக்கும் இருக்கிறது. 1962-இல் அச்சிலும் வந்தது. காற்றின் திசை, வாங்கிய ஆட்கள், கொடுத்த சரக்கு, இறந்தவர்கள். இறந்த அடிமைகளுக்குப் பெயர் இல்லை, எண்தான். 1752 டிசம்பரில், கலகத்துக்குத் திட்டமிட்டார்கள் என்ற சந்தேகத்தில் சில சிறுவர்களுக்கு விலங்கு பூட்டி, உண்மையை வரவழைக்கக் கட்டைவிரல் நெருக்கியை லேசாகத் திருகியதாக ஒரு குறிப்பு. இதே காலத்தில் மனைவிக்கு அவர் எழுதிய கடிதங்கள் அன்பும் பக்தியும் ததும்புபவை. ஞாயிற்றுக்கிழமை மாலுமிகளைக் கூட்டி ஆராதனை நடத்தினார். ஓய்வு நேரத்தில் லத்தீன் படித்தார். தொழில் கணக்கு ஒரு நோட்டில், ஆத்தும கணக்கு ஒரு நோட்டில். இரண்டும் சந்திக்கவில்லை.

மனசாட்சியே இல்லாமலும் இல்லை. ஹார்விச் கப்பலில் தன்னோடு இருந்த ஓர் இளைஞனைப் பேசிப் பேசி நாத்திகனாக்கியது அவர்தான். அந்தப் பழைய பாவம் உறுத்தியதால், பின்னாளில் அவனைக் கண்டதும் தன் கப்பலில் சேர்த்துக்கொண்டார். அவனைத் திருத்த என்னென்னவோ செய்து பார்த்தார். அவன் திருந்தாமலே காய்ச்சலில் இறந்தது அவரை நொறுக்கியது. பழசை நினைத்ததால் வந்த பொறுப்பு அது. ஆனால் அந்தப் பொறுப்பு மேல் தளத்தோடு நின்றது. கீழ்த்தளத்தில் இருந்தவர்கள் அதற்குள் வரவில்லை.

1754-இல் நான்காவது முறை கப்பல் ஏற இரண்டே நாள் இருக்கும்போது திடீரென்று மயங்கி விழுந்தார். மருத்துவர்கள் கடல் வேண்டாம் என்றார்கள். தொழில் அப்படித்தான் நின்றது, கொள்கையால் அல்ல. பத்து வருடம் கழித்து எழுதிய வரலாற்றில், அந்தத் தொழிலின் நியாயத்தைப் பற்றித் தனக்கு அப்போது சந்தேகமே வந்ததில்லை என்கிறார். சிறைக் காவலன் வேலை மாதிரி இருக்கிறதே என்று சலிப்பு இருந்தது, இதைவிட மனிதத்தன்மையுள்ள பிழைப்பைக் கொடு என்று ஜெபித்ததும் உண்டு என்று ஒப்புக்கொள்கிறார். அவ்வளவுதான்.

சாட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்து பழகிய யாருக்கும் இது புதிதாக இருக்காது. எழுந்து நிற்பவர் குடித்ததைச் சொல்வார், சீட்டாடியதைச் சொல்வார், ஆலயத்துக்கு வராமல் இருந்த வருடங்களைச் சொல்வார். தம்பியின் பங்கையும் சேர்த்து எழுதி வாங்கிக்கொண்டதைச் சொல்லமாட்டார். முதல் வகைப் பாவத்தைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டாவதைச் சொன்னால் தம்பி வீட்டுக்கு அல்லவா போக வேண்டும். 1764-இன் நியூட்டன் முதல் வகையை ஒளிவுமறைவில்லாமல் சொன்ன மனிதர்.

கப்பலை விட்டதற்கும் 1764-க்கும் நடுவில் லிவர்பூல் துறைமுகத்தில் ஒன்பது வருடம் சுங்க அதிகாரியாக இருந்தார். வரும் கப்பல்களில் ஏறிக் கள்ளச்சரக்கு தேடும் வேலை. நெருப்பும் மெழுகுவத்தியும் உள்ள அலுவலகம், ஐம்பது அறுபது பேர் கீழே, ஆறு துடுப்புப் படகு ஒன்று என்று மனைவிக்குப் பெருமையாக எழுதினார். மாலை நேரங்களில் கிரேக்கமும் எபிரெயமும் தாமாகவே படித்தார். குருப்பட்டம் கேட்டபோது பல்கலைக்கழகப் படிப்பில்லாத கடலோடிக்கு அது எளிதில் கிடைக்கவில்லை. 1758-இல் மறுப்பு. டார்ட்மவுத் பிரபுவின் தயவால் 1764-இல்தான் பட்டம் பெற்று, பக்கிங்ஹாம்ஷயரில் உள்ள ஓல்னி என்ற ஊருக்கு உதவிக் குருவாகப் போனார். சம்பளம் ஆண்டுக்கு 60 பவுண்டு.

ஓல்னி ஏழை ஊர். லேஸ் பின்னிக் கூலி வாங்கிப் பிழைக்கும் பெண்களும் பிள்ளைகளும் நிறைந்த ஊர். புதுக் குருவானவர் வீடு சந்திக்கப் போகும்போது குரு உடையைவிடத் தம் பழைய கடல் சட்டையைப் போட்டுக்கொண்டு போவதுதான் அதிகம். எந்த வீட்டிலும் எதைக் கேட்டாலும் அவர் முகம் சுளிக்காததற்குக் காரணம் ஊருக்கே தெரியும். வந்த வருடமே அவருடைய வாழ்க்கை வரலாறு அச்சாகி வெளிவந்துவிட்டது. குருவானவரின் பழைய கதை முழுவதும் சபையார் கையில் இருந்தது. தன்னைவிட நல்லவர்கள் முன்னால் நிற்பதாக நினைத்து வெட்கப்பட வேண்டிய அவசியம் அங்கே யாருக்கும் இல்லாமல் போனது. கூட்டம் பெருகி ஆலயத்துக்குள் புதிதாக ஒரு மாடம் கட்ட வேண்டியதாயிற்று.

பக்கத்து ஊர்க் குரு தாமஸ் ஸ்காட்டின் விஷயம் நல்ல உதாரணம். கிறிஸ்துவின் தெய்வத்துவத்திலேயே அவருக்கு நம்பிக்கை கிடையாது. 1774 தொடக்கத்தில் ஸ்காட்டின் சபையில் ஒரு கணவனும் மனைவியும் சாகக் கிடந்தார்கள். சபைக் குரு எட்டிப் பார்க்கவில்லை. ஓல்னியிலிருந்து நியூட்டன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இது தெரிந்து ஸ்காட்டுக்கு உறுத்தியது. உறுத்தலை வாதமாக்கினார். 1775-இல் நியூட்டனைத் தர்க்கத்துக்கு இழுக்கும் நோக்கத்தோடு கடிதமெழுதத் தொடங்கினார். வந்த பதில்களில் பாசம் இருந்தது, பொறுமை இருந்தது, சண்டை மட்டும் இல்லை. ஒரு காலத்தில் இதைவிட மோசமாகப் பேசிய தன்னைக் கடவுள் எப்படிப் பொறுத்தார் என்பது நியூட்டனுக்கு நன்றாக நினைவிருந்தது. சில வருடங்களில் ஸ்காட் முழுவதும் மாறினார். தம் மாற்றத்தைப் பற்றி 1779-இல் புத்தகம் எழுதினார். நியூட்டன் ஓல்னியை விட்டுப் போனபின் அங்கே வந்து பணிபுரிந்தார். அவருடைய பிரசங்கங்களைக் கேட்டு வளர்ந்தவர்களில் ஒருவர், பின்னாளில் வங்காளத்துக்குப் போன வில்லியம் கேரி.

இன்னொருவர் கவிஞர் வில்லியம் கூப்பர். கடும் மனச்சோர்வுக்காரர். நியூட்டனுக்காகவே ஓல்னிக்குக் குடிவந்தவர். 1773-இல் நோய் முற்றியபோது குருமனைக்கு வந்தவர் ஓராண்டுக்கும் மேல் அங்கேயே இருந்தார். நியூட்டன் அவரைப் போகச் சொல்லவில்லை. இருவரும் சேர்ந்து எழுதிய 348 பாடல்கள் 1779-இல் 'ஓல்னி ஹிம்ஸ்' என்று புத்தகமாயின, பெரும்பாலானவை நியூட்டனுடையவை.

அதில் ஒன்றான 'அமேசிங் கிரேஸ்' 1773 ஜனவரி 1-ஆம் தேதிப் பிரசங்கத்துக்காக எழுதியது. அன்றைய வேதபாடம் முதலாம் நாளாகமம் 17. கடவுளுக்கு ஆலயம் கட்ட ஆசைப்படும் தாவீதுக்கு, நீ கட்ட வேண்டாம், உன் வீட்டை நான் கட்டுகிறேன் என்ற செய்தி வருகிறது. ஆடு மேய்த்த இடத்திலிருந்து எடுக்கப்பட்டவன் அரசனாகிக் கடவுளின் முன் உட்கார்ந்து, இவ்வளவு தூரம் கொண்டுவர நான் யார், என் வீடு என்ன என்று திகைக்கிறான். புத்தாண்டில் வாக்குத்தத்த வசனம் எதிர்பார்த்து ஆலயத்துக்கு வரும் தமிழ்ச் சபையாருக்கு இந்த வரிசை விளங்கும்: முதலில் வந்த வழி, பிறகு போகும் வழி. பாட்டும் அப்படித்தான் நகர்கிறது. இன்று உலகம் பாடும் மெட்டு அதற்கு அமெரிக்காவில் 1835-இல்தான் சேர்ந்தது.

ஓல்னி குருமனையின் மேல் மாடியில் அவருடைய படிப்பறை. கணப்புக்கு மேலே சுவரில் இரண்டு வசனங்கள் எழுதி வைத்திருந்தார். ஒன்று ஏசாயா 43-இலிருந்து. கடவுளின் பார்வையில் நீ அருமையானவன் என்ற பொருள் கொண்டது. மற்றது உபாகமம் 15:15. எகிப்தில் நீ அடிமையாயிருந்ததையும், கர்த்தர் உன்னை மீட்டதையும் மறவாதே என்பது. தனக்குப் பொருத்தமான வசனத்தைத்தான் தேர்ந்தெடுத்தார். பிளான்டேன் தீவில் பச்சைக் கிழங்கு தின்றவர் அல்லவா.

ஆனால் உபாகமத்தில் அந்த வசனம் தனியாக நிற்கவில்லை. அது அடிமைகளை விடுவிக்கும் சட்டத்துக்குள் இருக்கிறது. ஆறு வருடம் உழைத்த அடிமையை ஏழாம் வருடம் விட்டுவிடு, வெறுங்கையாய் அனுப்பாதே, உன் மந்தையிலிருந்தும் களத்திலிருந்தும் ஆலையிலிருந்தும் தாராளமாகக் கொடுத்தனுப்பு. ஏன் என்ற கேள்விக்குப் பதிலாகத்தான் அந்த வசனம் வருகிறது: நீயும் அப்படி இருந்தவன்தானே. அதற்கு முந்தைய மூன்று வசனங்களைச் சுவருக்குக் கொண்டுவரவில்லை நியூட்டன். ஓல்னியில் பதினாறு வருடம் அந்த அறையில் உட்கார்ந்து பிரசங்கம் எழுதினார். கர்வம் அடங்கியது, கிருபை பெருகியது, ஸ்காட்டும் கூப்பரும் அதன் பலனை அனுபவித்தார்கள். கீழ்த்தளத்துக்குப் போகும் கதவு மட்டும் திறக்கவில்லை.

திறந்தது லண்டனில். 1780-இல் மேரி வுல்நாத் ஆலயத்துக்கு மாறினார். 1785 டிசம்பரில் 26 வயது நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் ஆத்தும கலக்கத்தோடு அவரைத் தேடிவந்தார். யார் கண்ணிலாவது பட்டால் என்ன ஆகுமோ என்று சதுக்கத்தை இரண்டு சுற்று சுற்றிய பிறகுதான் கதவைத் தட்டினார். வில்லியம் வில்பர்ஃபோர்ஸ். அரசியலை விட்டுவிடலாமா என்பது அவருடைய கேள்வி. விடாதே, அங்கேயே இரு என்றார் நியூட்டன். இரண்டு வருடத்தில் வில்பர்ஃபோர்ஸ் அடிமை வணிக ஒழிப்பைக் கையிலெடுத்தபோது, அவருக்குத் தேவைப்பட்டது தொழில் தெரிந்த சாட்சி.

அதற்குத்தான் 1788 புத்தகம். தாமும் ஒரு காலத்தில் முனைந்து செய்த தொழில் இது, இதை நினைத்தால் இப்போது உள்ளம் நடுங்குகிறது, இந்த அறிக்கை செய்த கேட்டை மாற்றப் போதாது, காலமும் கடந்துவிட்டது என்ற கருத்தைத் தொடக்கத்திலேயே வைத்துவிடுகிறார். அதன்பின் தன்னைப் பற்றிய பேச்சு குறைவு. பார்த்ததைச் சொல்லிக்கொண்டே போகிறார். 1751-இல் ஆன்டிகுவாவில் ஒரு தோட்ட முதலாளி சொன்ன கணக்கு அதில் ஒன்று. அடிமைகளை அளவோடு வேலை வாங்கி, நன்றாகச் சாப்பாடு போட்டு, வயதாகும் வரை வைத்துக்கொள்வது லாபமா? கசக்கிப் பிழிந்து அவர்கள் தேய்ந்து போனதும் புதிதாக வாங்குவது லாபமா? கணக்குப் போட்டுப் பார்த்ததில் இரண்டாவதுதான் மலிவு என்று தெரிந்ததாம். ஒன்பது வருடத்துக்கு மேல் தாக்குப்பிடிக்காத அடிமைகள் இருந்த தோட்டங்களைத் தன்னால் சொல்ல முடியும் என்றாராம்.

இன்னொன்று ஒரு படகில் நடந்தது. ஒரு மேட், கைக்குழந்தையோடு ஒரு பெண்ணை வாங்கிக் கப்பலுக்குக் கொண்டுவந்துகொண்டிருந்தான். குழந்தைக்கு வயது ஒன்று இருக்கும். இரவில் அழுதது. தூக்கம் கெட்ட மேட் சத்தம் போட்டான், மிரட்டினான், கடைசியில் தாயின் கையிலிருந்து குழந்தையைப் பிடுங்கிக் கடலில் எறிந்தான். குழந்தையின் சத்தம் நின்றது. தாயின் அழுகை நிற்கவில்லை. அவளையும் எறிய முடியாது, விலை அதிகம். இந்தக் கடைசி விவரத்தைச் சேர்க்கும் இடத்தில்தான் தொழிலின் உள்ளிருந்து பேசும் ஒருவரின் குரல் தெரிகிறது. பக்திக் கட்டுரை எழுதுபவருக்கு விலை நினைவுக்கு வராது.

ஒழிப்புச் சங்கத்தார் அந்தப் புத்தகத்தை நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு அனுப்பினார்கள். நியூட்டனும் அதே ஆண்டு அரசவைக் குழு முன்னும், 1790-இல் பொதுச்சபைக் குழு முன்னும் நேரில் போய்ச் சாட்சி சொன்னார். புகழ்பெற்ற பிரசங்கியாக இருந்த வயதில், தன்னை அடிமைக் கப்பல் தலைவன் என்று சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகளுக்குப் பதில் சொல்வது லேசான காரியமில்லை.

இதே வருடங்களில் அவரைத் தேடி வந்த இன்னொருவரின் கதை தமிழ்நாடு வரை நீள்கிறது. கிளாடியஸ் புகனன், ஸ்காட்லாந்துக்காரர். ஒரு பிரபுவின் மகனோடு ஐரோப்பா சுற்றப் போவதாக வீட்டில் பொய் சொல்லிவிட்டு, வயலினைத் தூக்கிக்கொண்டு லண்டனுக்கு நடந்தவர். பார்க்காத ஊர்களிலிருந்து எழுதுவதுபோல் வீட்டுக்குக் கடிதங்களும் எழுதியவர். 1791-இல் மேரி வுல்நாத்தில் நியூட்டனின் பிரசங்கத்தைக் கேட்டுவிட்டு, பெயர் போடாமல் ஒரு கடிதம் அனுப்பினார். நியூட்டன் எழுதியவரைக் கண்டுபிடிக்கப் பிரசங்கப் பீடத்திலிருந்தே அழைப்பு விடுத்தார். வந்த இளைஞனின் பொய்கள் அவரை அதிர வைக்கவில்லை. வங்கியாளர் ஹென்றி தார்ன்டனின் உதவியில் புகனன் கேம்பிரிட்ஜில் படித்து, சிறிது காலம் நியூட்டனுக்கே உதவிக் குருவாக இருந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் குருவாகக் கல்கத்தா வந்தார். மிஷனரி சீகன்பால்க் தரங்கம்பாடியில் இறங்கிச் சரியாக நூறு வருடம் கழித்து, 1806-இல், தரங்கம்பாடியையும் தஞ்சாவூரையும் பார்த்தார். சரபோஜி மன்னரைச் சந்தித்தார். அந்தப் பயணத்தைப் பற்றி 1811-இல் அவர் எழுதிய புத்தகம் இங்கிலாந்தில் பரவலாக வாசிக்கப்பட்டது.

நியூட்டன் எண்பது வயதைத் தாண்டியும் பீடம் ஏறினார். கண் மங்கியது, பேசிக்கொண்டிருக்கும்போதே பொருள் மறந்தது. நினைவெல்லாம் போய்விட்டது, இரண்டு விஷயம் மட்டும் மிச்சம்: நான் பெரும் பாவி, கிறிஸ்து பெரும் இரட்சகர் என்று நண்பர்களிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. அடிமை வணிகத்தைத் தடைசெய்யும் சட்டம் 1807 மார்ச்சில் நிறைவேறியது. டிசம்பர் 21-இல் அவர் இறந்தார்.

மேரி வுல்நாத்தில் இருக்கும் பளிங்குக் கல்வெட்டின் வாசகம் அவரே எழுதி வைத்தது. புகழ்ச்சி எதுவும் சேர்க்கக்கூடாது என்பது அவருடைய எண்ணம். ஒரு காலத்தில் அவிசுவாசியாகவும் ஒழுக்கம் கெட்டவனாகவும் இருந்தவன், ஆப்பிரிக்காவில் அடிமைகளுக்கு ஊழியக்காரனாக இருந்தவன், மன்னிக்கப்பட்டு, தான் அழிக்கப் பார்த்த விசுவாசத்தையே பிரசங்கிக்க ஏற்படுத்தப்பட்டவன் என்று அது அவரை அறிமுகப்படுத்துகிறது. கப்பல் தலைவனாக இருந்ததைக் கல் சொல்லவில்லை. தான் பட்ட கஷ்டம் இருக்கிறது, தான் கொடுத்த கஷ்டம் இல்லை. 1788-இல் எழுதியதைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கல்லை வாசிப்பவருக்கு இந்த இடைவெளி கண்ணில் படாமல் போகாது. அதற்காக அவரை மட்டம் தட்ட வேண்டியதில்லை. கல்லில் சொல்லாததைத் தம் பெயர் போட்ட புத்தகத்தில், எண்களோடு, உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிட்டுப் போனவர் அவர். நியூட்டனைப் பற்றிப் பேசப் பீடம் ஏறுகிறவர்கள் அந்தப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஏறினால், புயலுக்கும் பாட்டுக்கும் நடுவில் இருக்கும் மூன்று பயணங்களும், பாட்டுக்குப் பிறகான பதினைந்து வருட மௌனமும் சபையின் காதில் விழும்.